மதுரம் இருக்காளா

எண்ணூற்று அறுபத்திரண்டாம் பக்கத்தின் முதல் வரியைக் கார்த்தீஸ்வரி நாலாவது தடவையாகப் படித்தாள். நாலாவது தடவையும் அது பாதியில் கையை உதறிக்கொண்டு எங்கோ போய்விட்டது. ஆற்றங்கரையில் ஆரம்பிக்கிற வரி, நடுவில் யாரோ ஒருத்தருடைய சித்தப்பா கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, எழுந்து கை கழுவுவதற்குள் முப்பது வருஷம் கழிந்து, திரும்ப ஆற்றங்கரைக்கு வரும்போது ஆற்றில் தண்ணீர் இல்லை. முற்றுப்புள்ளியைத் தேடிப் பக்கத்தின் அடிவரைக்கும் கண்ணை ஓட்டினாள். காணோம். அடுத்த பக்கத்தில் இருந்தாலும் இருக்கும். வலது கால் கட்டைவிரலில் மாட்டியிருந்த கயிறு இழுத்தது, விட்டது, இழுத்தது. கயிற்றின் அந்த முனையில் சேலைத் தொட்டில், தொட்டிலுக்குள் பத்து மாதத்து ஹரிணி. மேலே கொக்கி கிர்க் என்றது, கிர்க் என்றது. மணி இரண்டேகால். பாக்கி இருபத்திரண்டு பக்கம். பக்கத்துக்கு நாலு நிமிஷம் என்று வைத்தாலும் எண்பத்தெட்டு நிமிஷம். ஹரிணி மத்தியானம் தூங்குவதே ஒன்றரை மணி நேரம்தான், அதில் பத்து நிமிஷம் இந்த ஒரே வரியில் போச்சு. ஐந்தரைக்கு நல்ல நேரம். ஐந்தரைக்கு இதே காம்பவுண்டில் மூன்றாம் வீட்டு ஜோதி அக்காவின் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிறார்கள். அந்தப் பேரைப் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொல்லப்போகிறவள் கார்த்தீஸ்வரி. என்ன பேர் என்பது இந்த இருபத்திரண்டு பக்கத்துக்குள் இருக்கிறது.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐந்து வீட்டுக் காம்பவுண்டு அது. ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே சண்டை. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம் குடத்தை நகர்த்தி வைத்ததற்காக நாலாம் வீட்டுக்காரி சண்டைக்கு வந்தபோது, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றவள் நாகஜோதி. "சின்னப்பிள்ளடி அவ, கொடத்துக்குக் காலா இருக்கு, தானா நடந்து போக?" அன்றிலிருந்து ஜோதி அக்கா. ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாத ஜோதி அக்கா. இல்லாத என்று சொல்லக்கூடாது, இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தில் போனது. மூன்றாவதுக்குப் பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, இனி பிள்ளை பிறக்கிறவரைக்கும் படுக்கைதான் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் தங்கப்பாண்டி அண்ணன் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டிரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தார். தலை தாழ, கால் உயர, சாய்த்து வைத்த சாக்குமூட்டை மாதிரி அக்கா கிடந்தாள். டிவி பார்த்தால் தலை சுற்றுகிறது, போன் பார்த்தால் கண் எரிகிறது. "கதை கிதை ஏதாவது சொல்லுடி, இந்த உத்திரத்தையே பாத்துப் பாத்து அதுல எத்தனை பூச்சி அரிச்ச ஓட்டைன்னு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு." கதைக்கு எங்கே போவது? கார்த்தீஸ்வரி ஹரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போனாள். நல்லாப் பெருசா ஒண்ணு வேணும் சார், அஞ்சாறு மாசம் வரணும் என்று அரிசி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். லைப்ரரிக்காரர் சிரிக்காமல் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து இதை எடுத்தார். "தலைக்கு வச்சுப் படுக்கவும் ஆகும். பெரிய எழுத்தாளர், பெரிய புத்தகம். நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு, முடிச்சேன்னு சொல்லிக் கொண்டுவந்து குடுத்தவங்க யாரும் இல்லை." பழைய அட்டை போய்க் கறுப்புக் காலிகோ துணி போட்டுத் தைத்திருந்தது. பேர்கூடக் கிடையாது, முதுகில் வெள்ளை மசியில் நம்பர் மட்டும். அறுபதாம் பக்கம் வரைக்கும் ஊரே தொட்ட அழுக்கு. அதற்கு மேல் ஒரு விரல் ரேகை இல்லை, அப்போதுதான் வெந்த இட்லி மாதிரி வெள்ளையாக இருந்தது.

கிர்க். கிர்க். எண்ணூற்று அறுபத்து மூன்று. இருந்தது முற்றுப்புள்ளி, நடுப்பக்கத்தில், ஒரு எறும்பு அளவுக்கு. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் ஏன் இப்படி எழுதினார்? ஆற்றோரத்து ஒரு வீடு, அந்த வீட்டில் நாலு தலைமுறை, இவ்வளவுதான் கதை. அதை நேரே சொல்ல மாட்டார். ஒரு அத்தியாயத்தில் பல் விழுந்த கிழவி, அடுத்ததில் அவளே பாவாடை கட்டிக்கொண்டு புளியம்பழம் பொறுக்குகிறாள். யார் பேசுகிறார்கள் என்று சொல்வதில்லை, பேச்சு மட்டும் வருகிறது, இருட்டில் பக்கத்து வீட்டுக் குரல் கேட்கிற மாதிரி. முதல் வாரம் படித்ததைப் படித்தபடி ஜோதி அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அக்கா, "ஏன்டி, இது கதையா, கணக்குப் பாடமா?" என்றாள். அதற்குப் பிறகுதான் கார்த்தீஸ்வரி தன் கைவரிசையைக் காட்டினாள். பகலில் ஹரிணி தூங்கும்போது ஏழெட்டுப் பக்கம் முட்டி மோதிப் படிக்க வேண்டியது, சாயங்காலம் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே அதைக் கதையாக்க வேண்டியது. வறட்டு மாவில் தண்ணீர் விட்டுப் பிசைகிற மாதிரி. அப்படிப் பிசைந்ததில்தான் மதுரம் எழுந்து வந்தாள். புத்தகத்து மதுரம் அந்த வீட்டின் இரண்டாவது பெண், மாமாவின் செல்லம், பெரிய காரியத்துக்கு வந்தவர்கள் மாரடிக்கும்போது சிரித்துவிட்டதற்காக அடி வாங்கினவள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கார்த்தீஸ்வரியின் மதுரம் அதோடு நிற்கவில்லை. விருந்துக்கு வந்த ஜமீன் கணக்கப்பிள்ளையின் குடைக்குள் கம்பளிப்பூச்சி விட்டாள், படித்துறையில் நீச்சலுக்குப் பந்தயம் கட்டினாள், பெண் பார்க்க வந்தவனிடம் உனக்குப் பாடத் தெரியுமா, ஆடத் தெரியுமா என்று கேட்டாள். அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி பாவி, தையல் பிரிஞ்சிரும்" என்று கெஞ்சுவாள். கெஞ்சிவிட்டு, "அப்புறம்?" என்பாள்.

அப்புறம் என்கிற அந்த வார்த்தைதான் அவளை எண்ணூற்று அறுபத்து நாலு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது, இல்லாவிட்டால் அறுபதாம் பக்கத்து அழுக்கோடு அவள் விரல் அழுக்கும் சேர்ந்திருக்கும். எங்கே இருந்தோம்? படித்துக்கொண்டிருந்தாள், கண் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எதுவும் ஏறவில்லை. திரும்ப மேலிருந்து. இதுதான் அவளுக்குப் பயம். வெளியே யாரிடமும் சொல்லாத பயம். ஹரிணி பிறந்த பிறகு தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாலை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிற்கிறாள். போன வாரம் தன் அப்பா பேரை ஒரு பாரத்தில் எழுதப் போய் இரண்டு நொடி நின்றுவிட்டாள், அப்பா பேர்! அப்பா கேட்டால் சிரிப்பார், நான் மட்டும் என்ன, உன் பேரைச் சொல்லி மாட்டைக் கூப்பிடுறேன் என்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதலில் அவளைத்தான் சொல்வார்கள். தெளிவா, உரக்க, நிறுத்தி வாசிப்பா கார்த்தீஸ்வரி. அப்போதெல்லாம் ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம் முழுசாக உள்ளே போகும், குளத்தில் இறங்குகிற எருமை மாதிரி நிதானமாக, மூக்கு மட்டும் வெளியே. இப்போது மனசு ஈ மாதிரி. உட்கார்ந்த இடத்தில் உட்காராது. அவள் ஒன்று கண்டுபிடித்திருந்தாள்: நிஜமாகவே கதைக்குள் போய்விட்டால் அவள் கால் நின்றுவிடும். கால் நின்றால் தொட்டில் நிற்கும், தொட்டில் நின்றால் ஹரிணி சிணுங்குவாள், சிணுங்கினால் திடுக்கிட்டு வெளியே வந்து கயிற்றை இழுக்க வேண்டும். கால் ஆடினால் புத்தகம் ஏறாது, புத்தகம் ஏறினால் கால் ஆடாது. எண்ணூற்றுச் சொச்சம் பக்கத்தையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடந்து வந்திருக்கிறாள். பாதி மனசைக் கரையில் வைத்துவிட்டுப் பாதி மனசோடு ஆற்றைத் தாண்டுகிறவள் எதைப் பார்த்திருப்பாள், எதை விட்டிருப்பாள்?

"கார்த்தி, ஏ கார்த்தி, தூங்கிட்டியா?" ஜன்னலில் தங்கப்பாண்டி அண்ணனின் தலை. காதில் பென்சில் மாதிரி ஊதுபத்தி செருகியிருந்தார். அவள் உதட்டில் விரலை வைத்துத் தொட்டிலைக் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது பாதி காம்பவுண்டுக்குக் கேட்டது. "பலூன் பச்சையும் மஞ்சளும்தான் கெடைச்சுச்சு. அத்தைக்காரிகிட்ட கேட்டுட்டு வந்து கட்டணும்னு உங்க அக்கா உத்தரவு." கட்டுங்கண்ணே என்று கையைக் காட்டினாள். அவர் போகவில்லை. "முடிஞ்சிருச்சா?" என்று கண்ணால் புத்தகத்தைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினாள். "எங்கம்மா வேற பேச்சியம்மான்னுதான் வைக்கணும்னு காலையில இருந்து மொறச்சுக்கிட்டு நிக்கிது. நீ ஒண்ணு சொன்னாத்தான் உங்க அக்கா வாயத் திறப்பா. சீக்கிரம் படிச்சிரு ஆத்தா." அவருக்குக் கூடப்பிறந்த பொம்பளை கிடையாது. பிள்ளைக்கு அப்பா வழியில் ஒரு அத்தை வேண்டும், அவள்தான் பிள்ளை காதில் பேர் சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே ஜோதி அக்கா அறிவித்துவிட்டாள்: "இவர அண்ணேன்னுதான கூப்பிடுற? அப்ப நீதான் அத்தை. இனிமே நான் உனக்கு அக்கா இல்ல, மதினி. மொறையாப் பேசு." அன்றைக்குத்தான் அதையும் சொன்னாள். பிள்ளை எட்டாம் மாதக் கடைசியிலேயே பிறந்து, ஒன்றே முக்கால் கிலோ, பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, இன்னும் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சிரிக்காமல் சொன்னாள். "முன்ன ரெண்டுக்கும் நானா யோசிச்சு பேர் வச்சிருந்தேன்டி. யாருக்கும் சொன்னதில்ல. ரெண்டும் பேரோட போயிருச்சு. இதுக்கு நல்லா இருக்கறவ பேராப் பாத்து வைக்கணும். எனக்கு மதுரத்தைத் தவிர வேற யாரும் தோணல. ஆனா அவ கடைசி வரைக்கும் இருப்பாளா? பாத்துச் சொல்லு. இருந்தா மதுரம். இல்லைன்னா எங்க மாமியா சொல்ற பேச்சியம்மாவே இருந்துட்டுப் போகட்டும்." கதைதானேக்கா என்றாள் கார்த்தீஸ்வரி. "கதைதான். இருந்தாலும் பாரு."

எண்ணூற்று எழுபது. வேகமாகப் போகிறோமா? வேகமாகப் போகக்கூடாது. வெளியே யாரோ பலூன் ஊதுகிற சத்தம், ஒன்று வெடித்தது, ஹரிணி தொட்டிலுக்குள் துள்ளினாள், கார்த்தீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை வேகமாக ஆட்டினாள், அடங்கியது. பாசிப்பயறு வேகிற வாசனை. வியர்வை கழுத்துக்குக் கீழே ஒரு கோடாக இறங்குவதைத் துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் விசிறி. மதுரம் எங்கே? கடைசி நாற்பது பக்கமாக அவள் பேச்சே இல்லை. எங்கேயோ கட்டிக்கொடுத்திருப்பார்கள். ஆமாம், அக்காவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள், மதுரத்தை அக்கரையில் கட்டிக்கொடுத்தாச்சு, மாமியாரை அவள்தான் ஆட்டிவைக்கிறாள் என்று. புத்தகத்தில் அப்படி இருந்ததா? இருந்தது மாதிரிதான் இருந்தது. எண்ணூற்று எழுபத்து மூன்று. வீட்டை விற்கப் பேசுகிறார்கள். எண்ணூற்று எழுபத்தைந்து. பேரன் ஒருத்தன் பட்டணத்திலிருந்து வந்து கதவை அளக்கிறான். எண்ணூற்று எழுபத்தேழாம் பக்கத்தில், கதவை அளக்கிறவனைப் பற்றின வரிக்கு நடுவில், அவன் சின்ன வயதில் இந்தக் கதவில் தலையை இடித்துக்கொண்டதைச் சொல்கிற இடத்தில், "அன்று மதுரத்தின் திவசம், வாழைக்காய் வாங்கிவர மறந்த சண்டையில் யாரும் அவன் அழுததைக் கவனிக்கவில்லை" என்று இருந்தது. கார்த்தீஸ்வரி அதைத் தாண்டி இரண்டு வரி போய்விட்டாள். பிறகு நின்றாள். பிறகு திரும்பி வந்தாள். மதுரத்தின் திவசம். மதுரம் கொடுத்த திவசமா? மதுரத்தின் மாமாவுக்கா? வேறு மதுரமா? இந்த வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் உண்டு, தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். கதவில் இடித்துக்கொண்டவனுக்கு அப்போது ஆறு வயது, ஆறு வயது என்றால் எந்த வருஷம், வெள்ளம் வந்த வருஷம், வெள்ளத்தில் மதுரம்... கயிறு காலில் இறுகியது. அவள் ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள், வெறிபிடித்த மாதிரி.

எப்போது செத்தாள்? செத்தால் செத்தாள் என்று சொல்ல வேண்டாமா? ஒரு வீட்டில் இழவு விழுந்தால் தெருவுக்கே தெரியும், சங்கு ஊதுவார்கள், வாசலில் தீ போடுவார்கள். இந்த மனுஷன் எங்கே ஊதினார்? அவள் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள். மூட்டை மூட்டையாக எழுத்து. எண்ணூறு, எழுநூற்று நாற்பது, அறுநூற்று எண்பது. அங்கே மதுரம் ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுகிறாள், உயிரோடு. சுற்றட்டும், இது முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா, அதுதானே தெரியாது. ஐந்நூற்று இருபது. இங்கே மாமா மதுரத்தின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். இதை அவள் படித்திருக்கிறாள், கட்டிக்கொடுத்த பெண்ணின் பெட்டி என்று நினைத்துக்கொண்டாள், அக்காவிடம் மாமாவுக்குப் பெண்ணைப் பிரிந்த ஏக்கம் என்று சொன்னாள். அப்போது அதற்கும் முன்னால். மணி மூன்று பத்து. கை தானாகவே புரட்டியது, ஒரு இடத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு. மூலையில் கேப்பைக்கூழ் காய்ந்த கறை, ஒரு ரூபாய் அளவுக்கு. ஹரிணியின் கூழ். அழுக்கே இல்லாத அந்தப் புத்தகத்தில் அது ஒன்றுதான் கறை, அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து லைப்ரரிக்காரர் திட்டுவாரே என்று அன்றைக்குப் பயந்தது ஞாபகம் வந்தது. கறைக்குப் பக்கத்தில் அந்த வரி. மாட்டுச் சந்தை. "மாமா ஈரோட்டு வியாபாரியிடம் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, மதுரத்தை எரித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதால் கொம்புக்கு வர்ணம் பூசாமல், கழுத்துக்கு மணி கட்டாமல், இருட்டின பிறகு ஆற்றைத் தாண்டி ஓட்டிவந்த அந்தச் செவலைக் காளை" என்று அது போய்க்கொண்டே இருந்தது, காளையின் சுழியைப் பற்றி, வாலைப் பற்றி, அடுத்த பக்கத்தில் போய் நின்றது. மதுரத்தை எரித்து. அவ்வளவுதான். எதனால், எப்படி, பிரசவத்திலா, காய்ச்சலிலா, ஒரு வார்த்தை கிடையாது. மாட்டுக்கு ஒன்றரைப் பக்கம், அவளுக்கு இரண்டு சொல். மாமாவால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லையோ என்னமோ. மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் அதை வாயில் வராமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தாரோ என்னமோ. ஜோதி அக்காவும் முதல் இரண்டு பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் பேசுவாள். "மாமியா ஊருக்குப் போயிருந்தப்ப, அந்தத் தடவை ஆஸ்பத்திரியில இட்லி நல்லாவே இல்லடி, கல்லு மாதிரி" என்று இட்லியைப் பற்றிப் பேசுவாள்.

இரண்டு மாதமாக, செத்தவளைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் கார்த்தீஸ்வரி. ஊஞ்சலில் உட்கார வைத்திருக்கிறாள், அக்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள், மாமியாரை ஆட்டிவைக்க விட்டிருக்கிறாள். அன்றைக்கு இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அக்காவிடம் என்ன சொன்னோம்? யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கறையோடு சேர்ந்து அந்த நாள் முழுசாக வந்தது. அன்று காலையிலிருந்தே காம்பவுண்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்காவின் வயிற்றில் பிள்ளை அசையவில்லை. முதல் நாள் ராத்திரி அசைந்தது, அதோடு சரி. சர்க்கரை போட்ட தண்ணீர் குடித்துப் பார்த்தாள், இடப்பக்கம் ஒருக்களித்துப் பார்த்தாள். தங்கப்பாண்டி அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார், இதற்கு முன் இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா உத்திரத்தைப் பார்த்தபடி, "ஏதாவது சொல்லுடி, சும்மா இருக்காத" என்றாள். கார்த்தீஸ்வரிக்கு மத்தியானம் படித்தது ஒன்றும் தலையில் இல்லை. ஹரிணி கூழைத் துப்பியது, துடைத்தது, மாட்டுச் சந்தை, பல்லைப் பிடித்துப் பார்த்தது, இவ்வளவுதான் மிச்சம். அதில் மதுரத்தின் பேரும் எங்கேயோ கண்ணில் பட்டது. ஆகவே மதுரத்தைச் சந்தைக்கு அனுப்பினாள். "மாமாவுக்குக் காய்ச்சல்க்கா. இவ வேட்டியைக் கட்டிக்கிட்டு முண்டாசைக் கட்டிக்கிட்டு மாடு புடிக்கப் போயிட்டா. ஒரு செவலைக் காளை. வாயத் தொறன்னா தொறக்க மாட்டேங்குது. இவ என்ன பண்ணா தெரியுமா, அது மூஞ்சிக்கு நேரா இவ வாயை ஆன்னு தொறந்து காமிச்சா. அதுவும் ஆன்னுச்சு!" ஜோதி அக்கா சிரித்தாள். சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, கார்த்தீஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. அப்புறம் இன்னொன்று. வாசலில் ஆட்டோ வந்து நின்றது, திருப்பி அனுப்பினார்கள்.

மதுரத்தை எரித்த வரியைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை உதைத்தது. அதை என்ன செய்வது? ஒரு வரியின் இந்தப் பக்கம் சுடுகாடு, அந்தப் பக்கம் உதை. கார்த்தீஸ்வரி கூழ்க்கறையின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எது மதுரம்? எரித்தவளா, ஆன்னு வாயைத் திறந்தவளா? அக்கா கேட்டது எந்த மதுரத்தை? இதெல்லாம் பெரிய பேச்சு, படித்தவர்கள் பேசுகிற பேச்சு, ஐந்தரை மணிக்கு ஒரு கைப்பிடிப் பிள்ளையின் காதில் வாயை வைக்கப்போகிறவளுக்கு இது உதவாது. அக்கா ஒன்றுதான் கேட்டாள்: கடைசி வரைக்கும் இருப்பாளா? இருக்கிறாளா, இல்லையா? இல்லை என்று சொன்னால் பேச்சியம்மா, நல்ல பேர்தான், குலம் காத்த பேர். ஆனால் இல்லை என்கிற அந்தச் சொல் மூன்றாம் வீட்டுக்குள் மூன்றாவது தடவையாக நுழையும். அக்கா அதைப் பேசாமல் கேட்டுக்கொண்டு இட்லியைப் பற்றி ஏதாவது சொல்வாள். பாக்கி ஏழு பக்கம். முடிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. முடிக்காமல் சொன்னதுதானே இவ்வளவும். அவள் திரும்ப எண்ணூற்று எழுபத்தெட்டைத் திறந்தாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் விடவில்லை, தரையில் சிந்தின கடுகைப் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தாள். வீடு கைமாறுகிறது. எல்லோரும் போகிறார்கள். கடைசியில் அந்த வீட்டில் கிழவி ஒருத்தி மட்டும், மதுரத்தின் அம்மா, நினைவு தப்பினவள். கூடத்தில் வரிசையாகப் பதினோரு இலை போடுகிறாள். காலி வீட்டில் நின்று ஒவ்வொருத்தராகச் சாப்பிடக் கூப்பிடுகிறாள், போனவர்கள், இருக்கிறவர்கள், பிறக்கவே பிறக்காதவர்கள் எல்லோரையும். நாலாவது பேர் மதுரம். "மதுரம், நீ வந்து உட்கார்ந்தால்தான் எல்லாரும் உட்காருவார்கள்." அப்படியே பதினோராவது பேர் வரைக்கும் கூப்பிடுகிறாள், அதோடு புத்தகம் முடிகிறது. முற்றுப்புள்ளிகூட இருந்தது.

தலைமாட்டில் போன் நடுங்கியது. முப்பது அடி தள்ளி இருக்கிற ஜோதி அக்கா. "என்னடி, அத்தைக்காரி? சாமி கும்புட எல்லாம் எடுத்து வச்சாச்சு. எங்க மாமியா பேச்சியம்மா பேச்சியம்மான்னு தொட்டிலைச் சுத்தி வருது. முடிச்சியா இல்லியா?" முடிச்சிட்டேன்க்கா என்றாள் கார்த்தீஸ்வரி. பிள்ளை மூக்கடைத்து மூச்சு விடுகிற சத்தம் போன் வழியாகக் கேட்டது, பூனைக்குட்டி மாதிரி. "இருக்காளா?" சும்மா கேட்கிற மாதிரி கேட்க அக்கா பாடுபட்டாள். கார்த்தீஸ்வரி மடியில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். "கடைசிப் பக்கத்துல அவ பேரு இருக்குக்கா. அவங்க அம்மா எல ‌போட்டுட்டு, மதுரம், நீ வந்து உக்காந்தாத்தான் எல்லாரும் உக்காருவாங்கன்னு கூப்பிடுறாங்க. அதோட கதை முடியுது." அந்தப் பக்கம் மூச்சு வெளியே வந்தது, முதலில் அழுகை மாதிரி, பிறகு சிரிப்பு. "சாப்பாட்டுக்குக் கூப்பிடுறதோட முடியுதா? நல்ல கதைடி! இதுக்கா அந்தாளு அம்புட்டுப் பக்கம் எழுதுனாரு? ஏங்க, கேட்டீங்களா, மதுரம்தான். உங்கம்மாகிட்ட சொல்லுங்க, கூப்பிடுறதுக்குப் பேச்சின்னும் ஒண்ணு வச்சுக்கலாம்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குத் தலை நிக்கட்டும், நானே உக்காந்து மொதல்ல இருந்து படிக்கப் போறேன் பாரு. லைப்ரரியில திருப்பிக் குடுத்துராத. என் பேருக்கு மாத்திக் குடு" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் கார்த்தீஸ்வரிக்குக் கொக்கியின் சத்தம் நின்றிருந்தது தெரிந்தது. எப்போது நின்றது? கால் கயிற்றோடு சும்மா கிடந்தது, மரத்துப் போயிருந்தது. ஹரிணி அழவில்லை. தொட்டில் சேலையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, புது ஆளைப் பார்க்கிற மாதிரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. படிக்கப் போகிறாளாம். கார்த்தீஸ்வரி கணக்குப் போட்டாள், போடாமல் இருக்க முடியாது. தலை நிற்க மூன்று மாதம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம், பல் முளைக்கும்போது இரண்டு, காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு வருவதற்குள் பிள்ளை சுவரைப் பிடித்து நின்றிருக்கும். அப்போதும் மத்தியானம்தான் படிப்பாள், தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், கயிறு அவள் கால் கட்டைவிரலில் இருக்கும். ஈரோட்டு வியாபாரி வருவான், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், துண்டுக்குள் விரல் பிடிப்பார்கள். அந்த இடத்தில் அக்காவின் கால் ஆடிக்கொண்டிருந்தால் போதும், அந்த இரண்டு சொல் கண்ணில் படாது. கால் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இல்லாமல் நின்று, பட்டே விட்டாலும், கறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இது யார் பிள்ளை சிந்தின கூழ், வயிற்றில் பிள்ளை உதைத்த அன்றைக்குத்தான் சிந்தியது என்று அவளுக்கும் தெரியும். கார்த்தீஸ்வரி கயிற்றைக் காலிலிருந்து கழற்றினாள். ஹரிணியைத் தூக்கி, முகத்தைத் துடைத்து, ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்று அவள் காதோடு வாயை வைத்து, மதுரம் என்றாள். ஹரிணிக்குக் கூசியது, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவதைச் சொல்லவில்லை, அது மூன்றாம் வீட்டுப் பிள்ளைக்கு.